ஊகிக்காதவள்

டீக்கடையில் நாங்கள் எல்லோரும் 'சீனி கம்மி' என்போம். அக்கா மட்டும் 'அரைக் கரண்டி' என்பாள்.

"கம்மின்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். டீக்கடை வைத்துத் தலை நரைத்தவர்.

"உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி" என்றாள் அக்கா.

அவள் குத்திப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனால் அவர் முகம் சுருங்கிவிட்டது. அதன்பிறகு அவளுக்கு மட்டும் கிளாஸை மேஜையில் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியாது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், உரக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பம்புசெட்டுகளுக்குப் பெட்டி செய்து மாட்டிக் கொடுத்தோம். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. விவசாயி வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாகவே ஓடும்படி விட்டுவிட்டு வேறு சோலியைப் பார்க்கலாம். முதலாளியை 'சார்' என்போம். ஊர் ஊராகப் போய்ப் பெட்டி மாட்டுகிற ஃபிட்டர்கள் சிலர் இருந்தார்கள். விவசாயிகளின் போனை எடுத்துப் பேசுவது என் வேலை. பெட்டிக்குள் ஓடுகிற நிரல் முழுவதையும் எழுதியது அக்கா ஒருத்திதான். செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எனக்கு அவளைவிட நாலைந்து வயதுதான் குறைவு. ஆனாலும் சாரைத் தவிர எல்லோருக்கும் அவள் அக்காதான்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. மேலே மோட்டாரின் பெயர். அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி அந்த மோட்டாருக்கான கட்டளைகள். அவற்றில் 'இரவு' என்று ஒன்று. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, இரவுக்கு மட்டுமான கட்டளைகள். ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எது எதற்குக் கீழே வரும் என்று பெட்டி புரிந்துகொள்ளும். வரிக்கு முன்னால் கிடக்கிற வெற்றிடத்துக்குத்தான் அங்கே அர்த்தம்.

அந்த வெற்றிடத்தை இரண்டு விதமாக உண்டாக்கலாம். ஸ்பேஸ் பட்டனை நான்கு தடவை தட்டலாம். இல்லையென்றால் டேப் பட்டனை ஒரே தடவை தட்டலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு லேப்டாப்பில் நாலு இடம் பிடிக்கிற டேப், இன்னொன்றில் எட்டு இடம் பிடிக்கும். எழுதுகிறவன் கண்ணை நம்பி எழுதுகிறான். பெட்டிக்கு ஏது கண்?

இரண்டையும் கலந்து எழுதின கோப்பை அக்காவின் நிரல் வாங்கவே வாங்காது. அவளே தமிழில் எழுதி வைத்த செய்தி திரையில் வரும்: "இந்த வரியில் டேப்பும் ஸ்பேஸும் கலந்திருக்கின்றன. எது எதற்குக் கீழே என்று நான் ஊகிக்க மாட்டேன்."

ஃபிட்டர்கள் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். உச்சி வெயிலில், வரப்பில் குந்த வைத்து, மடியில் லேப்டாப்போடு இருக்கிறவனுக்கு அந்த ஒரு வரி எப்படி இருக்கும்? அவர்களில் மூத்தவர் சிவகிரிக்காரர். அடிக்கடி எனக்குப் போன் போட்டுக் கத்துவார்.

"ஏம்மா, அந்த 'ஊகிக்க மாட்டேன்' இருக்காளா? ஒரு இடைவெளி கூடக்குறைய இருந்தா என்ன, குடியா முழுகிரும்? நான் என்ன சொல்ல வாரேன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

நான் போனை அக்காவிடம் கொடுப்பேன். "சின்னப் பிள்ளைக்குத் தெரியும் அண்ணாச்சி. பெட்டிக்குத் தெரியாது. மறுபடியும் அடிங்க" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு சீசனில், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, சார் எங்கள் எல்லோரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். குளித்து முடித்து வேனுக்குத் திரும்பினால் ஃபிட்டர்களில் ஒருவனைக் காணவில்லை. கூட்டாளி பைக்கில் முன்னாலேயே போயிருப்பான் என்றார்கள். சாரும், "அவன் என்ன குழந்தையா, வருவான், ஏறுங்க" என்றார். அக்கா ஏறவில்லை.

"போயிருப்பான்னு சொல்லுதியளா, போனான்னு சொல்லுதியளா? பாத்தது யாரு?"

யாரும் பார்க்கவில்லை. ஈரத்துணியோடு நாங்கள் வேனுக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, அக்கா போலீஸ்காரரிடமும் கடைகளிலும் விசாரித்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் எண்ணெய்த் தேய்ப்புக்காரர்கள் இருக்கிற பக்கம் ஒரு பாறை மறைவில் அவன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பிக் கூட்டிவந்தாள். வேனில் அத்தனை பேரும் அவளைத்தான் முறைத்தோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முந்தானையைப் பிழிந்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கூட இருந்தவர்கள் வீம்புக்காரி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தொலைந்தவன் நானாக இருந்தால் இவள் ஒருத்திதான் நின்றிருப்பாள் என்றும் தோன்றியது.

அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதும் இதனால்தான் என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்திருக்கிறார்கள். அக்கா உள்ளேயிருந்து வந்து, "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு இங்கனயே சொல்லிருங்க. நாங்க காத்துக் கெடக்க வேண்டாம்லா" என்றாளாம். மாப்பிள்ளைப் பையனின் அம்மா, "இப்படிக் கேக்குத பொண்ணு எங்களுக்குப் பிடிக்கல" என்றாளாம். "சரி. ரொம்ப நன்றி" என்று அக்கா கும்பிட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டே இதைச் சொன்னது அவளுடைய சித்தி. அக்காவை ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தவளும் அதே சித்திதான்.

சித்தி அப்படிச் சொல்லித் திரிந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அக்காவின் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் ஒவ்வொரு நாளும் வந்து, "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அக்கா அவர் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கிறாள். "பிழைப்பாரா, மாட்டாரா?" அவர் மழுப்ப, இவள் விடவில்லை. கடைசியில் அவர் சொல்லிவிட்டார். அக்கா நேராக வார்டுக்குத் திரும்பினாள். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்று, "அடுத்த மாசம் எந்திரிச்சு நடப்பிய பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா இவளைப் பார்த்து, "டாக்டர் என்னம்மா சொல்லுதாரு?" என்று கேட்டார்.

"பிழைக்க மாட்டியன்னு சொல்லுதாருப்பா."

சித்தி அவளைக் கன்னத்தில் அறைந்தாளாம். அவர் என்ன செய்தார் என்று நான் அக்காவிடம் கேட்டேன். "கொஞ்ச நேரம் மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடந்தாரு. பெறவு எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாரு. என்னையும்தான்" என்றாள். அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று இப்போது யோசித்தாலும் என்னால் பிடிக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை இளகிக் கொடுத்தாள்.

ராயகிரிப் பக்கம் ஒரு பெரியவர் மிளகாய் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். அவருடைய பெட்டிக்குப் புது நிரலை அனுப்பியபோது, அக்கா அந்தக் கட்டுப்பாட்டை வைப்பதற்கு முன்னால் எழுதின பழைய கோப்பில் டேப்பும் ஸ்பேஸும் கலந்து கிடந்ததால் பெட்டி அதை வாங்க மறுத்துவிட்டது. மோட்டார் ஓடவில்லை. அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்தார். சித்திரை வெயில். ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் நாற்று அத்தனையும் கருகிக் கிடந்திருக்கிறது.

ஒரு தட்டு நாற்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, மாடி ஏறி, அக்காவின் மேஜை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"பெட்டி தண்ணி பாய்ச்சும்னு சொன்னிய. நம்பி ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

"உங்க கோப்புல டேப்பும் ஸ்பேஸும் கலந்து..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"எனக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும்? தாகத்துல செத்துருக்கு. அது தெரியுது."

அவர் போனபிறகும் அக்கா அந்தத் தட்டை எடுக்க விடவில்லை. வாடின நாற்று அவள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சார் இதற்கு முன்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்ததைத்தான் அன்றும் சொன்னார்.

"கலந்திருந்தா கலந்திருக்கட்டும்மா. நிறுத்தாத. ஏதாவது ஒரு முடிவு எடுத்துட்டு ஓடட்டும்."

"ஒரு நாள் குடுங்க சார். சந்தேகம்னா அவங்க போனுக்குக் கேள்வி போற மாதிரி செஞ்சிருதேன்."

"வேலை நெருக்குற நேரம்மா. போன்ல வர்ற கேள்விக்கெல்லாம் எவன் பதில் சொல்லுவான்? அந்தப் பெரியவர் மொகத்தைப் பாத்தேல்லா?"

அக்கா நாற்றைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் நிரலைத் திருத்தினாள். இனி டேப் வந்தால் எட்டு இடம் என்று எடுத்துக்கொள்ளும். வழக்கமாகக் கம்ப்யூட்டர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்ளுமாம். கோப்பை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டும். தமிழில் எழுதியிருந்த அந்த வரியை அழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இனிமே அது ஊகிக்கும்."

ஃபிட்டர்களுக்குக் கொண்டாட்டம். சிவகிரிக்காரர் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார். மஞ்சள் எச்சரிக்கையைக் கொஞ்ச நாள் படித்தார்கள். அப்புறம் சுவரின் நிறம்போல அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

வடகரைக்காரரின் போன் எனக்குத்தான் வந்தது. காலை நேரம். நெல்லும் தென்னையும் வைத்திருந்தவர். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். சிரித்த மாதிரியே பேசுவார்.

"மோட்டார் அடியில பாசி அடைச்சிருக்கும்மா. கிணத்துக்குள்ள எறங்கப் போறேன். கரண்டு வந்தா தானா ஓடிராம பூட்டி வைங்க."

நான் சிவகிரிக்காரருக்குச் சொன்னேன். அவர் வேறொரு ஊரில் வேலையில் இருந்தார். லேப்டாப்பைத் திறந்து, அந்த மோட்டாரின் பட்டியலில் கடைசியாக 'பூட்டு' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். வடகரைக்காரரின் போனில் சிவப்புப் பூட்டுப் படம் வந்துவிட்டது. நானும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "வந்துட்டும்மா, வந்துட்டு" என்றார்.

கிணற்றில் இறங்கும்போது, மோட்டாருக்குக் கரண்டே போகாதபடி மோட்டார் ரூமில் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைக்கும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் பெயர் செல்வி. இடுப்பில் கைக்குழந்தை. ரூம் வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கரையில் கிடந்த போனைப் பார்த்திருக்கிறாள். பூட்டு சிவப்பாக இருந்தது. அதுதான் பூட்டியிருக்கிறதே என்று அங்கேயே நின்றுவிட்டாள். மத்தியானம் மும்முனை மின்சாரம் வந்தது. மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்தது. தண்ணீருக்குள் வயர் இணைப்பு ஒன்று பிய்ந்திருந்தது. அவர் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

போலீஸில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். வயர் இணைப்பு மோசம், பீஸ் கட்டை பிடுங்கப்படவில்லை. யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. "நல்லவேளை" என்றார் சார். பிறகு அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ எழுந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வடகரையில் செல்வியைப் புருஷனைக் கொன்றவள் என்று பேசிக்கொள்வதாக அந்தப் பக்கம் போய்வந்த ஃபிட்டர் ஒருவன் சொன்னான்.

அக்கா அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். ஸ்பேஸ் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும்படி திரையை மாற்றினாள். வரிக்கு வரி புள்ளிகள். 'பூட்டு' என்ற வரிக்கு முன்னால் மட்டும் ஓர் அம்பு.

"அவரு லேப்டாப்புல இது நாலு இடம். மோட்டாருக்கு நேர் கீழ இருக்க மாதிரி தெரிஞ்சிருக்கும். பெட்டி எட்டுன்னு எடுத்துக்கிட்டு. அதனால மேல இருக்க 'இரவு'க்குக் கீழ போயிட்டு." அவள் விரல் திரையில் இருந்தது. "ராத்திரிக்கு மட்டும் பூட்டியிருக்கு. பகலுக்குப் பூட்டே இல்ல."

"போன்ல பூட்டுப் படம் வந்துச்சேக்கா?"

"பூட்டுன்னு ஒரு வரி எங்கன இருந்தாலும் படம் வரும். அதுவும் நான் எழுதுனதுதான்."

சாரிடம் போனாள். நான் வெளியே இருந்தேன். கதவு சாத்தவில்லை.

"முடிஞ்சு போனதைக் கிண்டாத. அந்த வீட்டுக்காரங்க நம்மளக் குத்தம் சொல்லல. பீஸ் கட்டையப் புடுங்காதது யாரு?"

"அது அவங்க. இது நாம. நம்ம பங்கை அவங்க கணக்குல எழுத முடியாது சார்."

"இங்கன இத்தனை குடும்பம் இருக்கு. தெரியுதா உனக்கு?"

"தெரியுது சார்."

மறுநாள் வடகரைக்குப் புறப்பட்டாள். போனில் பேசினது நான் என்பதால் நானும் போனேன். தடுத்துப் பார்க்கலாம் என்கிற எண்ணமும் இருந்தது. பஸ்ஸில் அவள் மடியில் லேப்டாப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இறந்தவரின் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறவர், துக்கத்துக்கு லீவில் வந்திருந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு எங்களை உட்காரச் சொன்னார். செல்வியைக் காணவில்லை. அக்கா அவளையும் கூப்பிடச் சொன்னாள். பின்கட்டிலிருந்து குழந்தையோடு வந்து கதவு ஓரம் நின்றாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா லேப்டாப்பைத் திறந்து, புள்ளிகளையும் அம்பையும் காட்டி, எனக்குச் சொன்ன மாதிரியே அவர்களுக்கும் சொன்னாள். அண்ணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெறும் இடம்தானம்மா இது?"

"ஆமா அண்ணாச்சி. வெறும் இடம்தான்."

"இதுக்கா என் தம்பி செத்தான்?"

"வயரு பிஞ்சிருந்தது ஒண்ணு. பீஸ் கட்டை புடுங்காதது ஒண்ணு. பூட்டு விழாதது ஒண்ணு. பூட்டு விழாததுக்குக் காரணம் நான். கலந்து எழுதுனா வாங்காதுன்னுதான் முதல்ல வச்சிருந்தேன். பெறவு நானே மாத்துனேன்."

அவர் எழுந்துவிட்டார். அடித்துவிடுவார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே செல்வி முதல்முறையாகப் பேசினாள்.

"யக்கா, நான் பீஸ் கட்டையப் புடுங்கியிருந்தா அவரு செத்திருப்பாரா?"

நான் அக்காவின் கையை அழுத்தினேன். சொல்லிவிடாதே என்றுதான் அர்த்தம். ஏதாவது சொல்லலாம். விதி என்று சொல்லலாம். தெரியாது என்றுகூடச் சொல்லலாம்.

"செத்திருக்க மாட்டாரு" என்றாள் அக்கா. "பூட்டு சரியா விழுந்திருந்தாலும் செத்திருக்க மாட்டாரு."

செல்வி குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அக்காவைத் திட்டினேன். "மனுசியா நீ? ஒரு பொய் சொன்னா என்ன?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயல் போய்க்கொண்டிருந்தது. "எனக்கு வாந்தி வருது" என்றாள். இறங்கி, ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள். அடுத்த பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நின்றோம். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கோபமும் போகவில்லை.

அண்ணன் புகார் கொடுத்தார். போலீஸ் வந்து கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு போனது. சிவகிரிக்காரரை விசாரித்தபோது அவர், டேப் தட்டினது தான்தான் என்று அழுதிருக்கிறார். அக்கா தன் வாக்குமூலத்தில், "டேப் தட்டுறது தப்பு இல்ல, அதை வாங்கிக்கிட்டு ஊகிச்சதுதான் தப்பு" என்று சொல்லி அவரை வெளியே எடுத்துவிட்டாள். கம்பெனி மூடியது. எங்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. என் வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான சம்பளம் இல்லை. அந்த வருடம் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று சாபம் விட்ட நாட்கள் உண்டு. தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். அவளை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. செங்கோட்டை வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, போனில் பேசினவள் என்று எனக்கும் சம்மன் வந்தது. செல்வியைக் கூண்டில் ஏற்றினார்கள். வீட்டுக்காரர்களும் வக்கீலும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தார்கள். பீஸ் கட்டையைப் பிடுங்கும்படி அவர் சொல்லவே இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முழுப் பழியும் கம்பெனி தலையில், அக்கா தலையில். செல்விக்கும் ஊருக்குள் பேர் சுத்தமாகிவிடும்.

"கிணத்துல எறங்கும்போது உங்க வீட்டுக்காரரு ஏதாவது சொன்னாரா?"

செல்வி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பீஸ் கட்டையப் புடுங்கச் சொன்னாரு. போன்ல பூட்டு இருந்துச்சு. நான் புடுங்கல."

அண்ணன் அங்கேயே எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் வெளியே வந்தபோது அவர்கள் வந்த கார் இல்லை. செல்வி குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள். எதிரிகள் எப்படிப் பக்கத்தில் நிற்பது? வடகரை பஸ் வந்தது, போயிற்று. செல்வி ஏறவில்லை. அக்கா அவளிடம் போய், "உங்க பஸ்ஸுதான அது?" என்று கேட்டாள்.

"அங்கன போக முடியாதுக்கா இனி."

"அம்மா வீடு?"

செல்வி இல்லையென்று தலையசைத்தாள். அக்கா யோசித்தாள். "எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்கு. எத்தனை நாள்னாலும் இருக்கலாம். நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

செங்கோட்டை பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறியதை நான் பார்த்தேன். தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள்.

குற்றம் செய்யும் எண்ணம் இல்லை என்று கோர்ட் அக்காவை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. புருஷனைக் கொன்றவள் வீட்டிலேயே சோறு தின்கிறாள் என்று செல்வியைப் பேசியது. செல்வி தேங்காய்த் தும்பு ஆலைக்கு வேலைக்குப் போனாள். குழந்தை அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தது. இதெல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன ஆடியில் அக்கா இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். நான் செய்தி கேட்டுப் போனேன். சந்துக்குள் திரும்பிக்கொள்ள இனி அவசியமில்லை என்றுதான் போனேனோ என்னவோ.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் வந்திருந்தது. செல்வி தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சித்திக்கு அது பொறுக்கவில்லை.

"ஏட்டி, தலைமாட்டுல இருக்கியே, நீ இவளுக்கு என்ன வேணும்?"

செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு இவங்களால செத்தாரு. என்னாலயும் செத்தாரு. நான் இங்கனதான் இருக்கேன்."

சித்தி நகர்ந்து கால்மாட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பின்வாசலில் தண்ணீர் பிடிக்கச் செல்வி போனபோது நானும் கூடப் போனேன். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "எப்படித் தாயி இவ கூட இருந்த?"

குழாயைத் திறந்துவிட்டு, குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மா விதிங்கா. சாமியார் கர்மாங்காரு. அக்கம்பக்கத்துல எல்லாரும் உன் மேல தப்பே இல்லங்காவ, வெளிய போயி நான்தான் கொன்னேங்காவ. ராத்திரி பூரா எனக்கு அதுதான் ஓடும், எது நெசம்னு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "இவங்க ஒருத்திதான் எனக்கு ஆறுதல் சொல்லல. இங்கன வந்து படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

உள்ளே இருந்து குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள். செல்வி குடத்தோடு முன்னால் நடந்தாள்.